இரண்டு வீசை தேன்மெழுகு

இனி என் வீட்டில் ஒரு சொட்டுச் சீமெண்ணெய்கூட எரியாது என்று, புதுச்சத்திரம் கண்ட்ரோல் கடை வாசலில், முப்பது பேர் முன்னிலையில், நல்ல புத்தியோடும் எவருடைய தூண்டுதலும் இல்லாமலும் நான் சபதம் செய்தேன்.

இருபத்தெட்டு வருஷமாக நாமக்கல் ரிஜிஸ்தர் ஆபீசு வாசலில் பத்திரம் எழுதுகிறவன் நான். சபதம் செய்தாலும் அப்படித்தான் வரும்.

காரணத்தைச் சொல்கிறேன். நியாயம் என் பக்கமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். ஐம்பத்துநாலு வயதாகிறது. இதுவரை யாரும் என் பக்கம் என்று சொன்னதில்லை. ஒருவேளை நான் தவறான ஆட்களிடமே கேட்டுவருகிறேனோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

சண்டைக் காலம். சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. சர்க்கார் அளந்து கொடுக்கிற அந்தக் கடையில் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் ஊற்றுவார்கள். அந்த வெயிலில் மனிதர் நிற்க முடியாது என்பதால் எங்கள் ஊரில் பாட்டில்கள்தான் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு கயிறு. ஆட்கள் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஹிட்லரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். என் பாட்டிலுக்குச் சிவப்புக் கயிறு. அன்று விடிந்ததும் போய் மூன்றாவதாக வைத்தேன். ஒரு வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அது பதினேழாவதாக நிற்கிறது.

பாட்டிலுக்குக் கால் முளைத்தாலும் முன்னால்தானே நடக்க வேண்டும்?

கடைக்காரன் சுப்பையனிடம் போனேன்.

"சுப்பையா, என் பாட்டில் மூணாவது."

"இருக்கலாமுங்க. இப்பப் பதினேழாவதா நிக்குதுங்களே."

"யாரோ நகர்த்தியிருக்காங்க."

"பாட்டிலு நின்னாப் போதுமுங்களா, பத்திரக்காரரே? ஆளு நிக்கோணும்."

"மத்தவங்களும் நெழல்லதானே உக்காந்திருக்காங்க?"

"அவிய பாட்டிலு நகரலீங்களே."

இந்தப் பதிலில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு மாதமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை. அன்று பதினாறாவது பாட்டிலோடு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் சபதம் செய்தேன்.

"அப்பறம் என்னத்தைக் கொளுத்துவீங்க?" என்றான் சுப்பையன்.

"மெழுகுவத்தி. நானே செய்வேன். இதே இடத்துக்குக் கொண்டுவந்து கொளுத்திக் காட்டுவேன்."

"முடியலீன்னா?"

"முடியலைன்னா பாட்டிலைக் கையில புடிச்சுக்கிட்டு, வெயில்ல, இந்த வரிசையில ஆளா வந்து நிக்கிறேன்."

வேப்பமரத்தடியில் ஹிட்லர் பேச்சு நின்றுபோயிற்று. என் வாழ்நாளில் என் பேச்சை முப்பது பேர் ஒன்றாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஏதாவது சபதம் செய்திருப்பேன். நல்லவேளை, வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் என் மனைவி பாவாயி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். முகத்தை நிமிர்த்தினாள். மூக்கின் மேலெல்லாம் குங்குமம்.

"எங்கீங்க எண்ணெய்?"

நடந்ததைச் சொன்னேன். சபதத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

"அது கெடக்குதுங்க. நாமக்கல்லுல பொட்டு மெழுகு வாங்கியாரச் சொன்னனே, அது எங்கீங்க?"

பெண்களுக்கு நெற்றியில் ஒரு துளி மெழுகைத் தடவி அதன்மேல் குங்குமம் வைத்தால்தான் பொட்டு உருண்டையாக நிற்குமாம். வளையல்காரன் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். சண்டை வந்ததிலிருந்து அவன் வருவதில்லை. மெழுகில்லாத குங்குமம் வேர்வையில் இறங்கி, பத்து மணிக்கு மூக்குக்கும் பன்னிரண்டு மணிக்கு முந்தானைக்கும் வந்துவிடுகிறது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் திரிகிறார்கள். ஒரு சிமிழ் வாங்கிவரும்படி ஆறு மாதமாகச் சொல்கிறாள். நானும் ஆறு மாதமாக மறந்துவருகிறேன். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், பாகப்பிரிவினை என்று ஓடுகிற தலையில் சிமிழுக்கு எங்கே இடம்?

"உலகமே எரியுது, உனக்குப் பொட்டுத்தான் பெருசா?" என்றேன்.

"உலகம் எரியுதுங்க. நம்மூட்டு வெளக்குத்தான் இனிமே எரியாதாட்ட இருக்குது," என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். மெழுகுவர்த்திக்கு மூன்று பொருள் வேண்டும்: திரி, அச்சு, மெழுகு. திரிக்குப் பழைய வேட்டி இருந்தது. அச்சுக்குக் கொல்லையில் பப்பாளி மரம் இருந்தது. பப்பாளி இலைக் காம்பு குழாய் மாதிரி இருக்கும். நடுவில் திரியைக் கோத்து, அடியைக் களிமண்ணால் அடைத்து, உருக்கியதை ஊற்றி, இறுகியதும் காம்பை உரித்துவிட்டால் வர்த்தி. இது முழுக்க என் மூளையில் உதித்தது. பாவாயியே மறுக்க மாட்டாள். மறுத்தாள், ஆனால் அரைமனதாக.

மெழுகுதான் தகராறு. வெள்ளைக்காரன் மெழுகு கடையில் இல்லை. நம் நாட்டுப் பொருளில் எது இறுகும், எது எரியும் என்று இரண்டு நாள் யோசித்து, ஆட்டுக் கொழுப்பு என்று முடிவு செய்தேன்.

"கொழுப்பையா சாமி மாடத்துல வெப்பீங்க?" என்றாள் பாவாயி.

"ஏன், நாம சாப்பிடறதில்லையா?"

"ஞாயித்துக்கெழமை கொழம்புல போட்டா நானும் ரெண்டு கரண்டி சேத்து ஊத்திக்குவேனுங்க. சாமி முன்னால எரிய வெச்சா, சாமி வெளிச்சத்தப் பாக்குமா, எலை எங்கேன்னு கேக்குமா?"

கொழுப்பு தள்ளுபடியாயிற்று.

அடுத்தது இலுப்பை எண்ணெய். மாசி மாதத்துக் குளிரில் அது சட்டியில் நெய்யாக உறைந்து கிடந்ததைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். ஈர மணலில் காம்புகளை நட்டு ஊற்றிவைத்தேன். விடிகாலையில் உரித்தால், வெளேரென்று ஆறு வர்த்திகள். பலகையில் வரிசையாக நிறுத்தினேன். எட்டு மணி வரை நிமிர்ந்து நின்றன. ஒன்பதரைக்கு என்னைப் பார்த்துக் கும்பிட்டன. பதினோரு மணிக்குச் சாஷ்டாங்கமாக விழுந்தன. நண்பகலில் ஆறு திரிகள் மட்டும் எண்ணெயில் மிதந்தன. பாவாயி வந்து பார்த்தாள். துடைக்கத் துணி கொடுத்தாள். அது என் நல்ல வேட்டி.

நான் சோர்ந்தேனா? சோர்ந்தேன். ஆனால் அரக்கு நினைவுக்கு வந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டுகளுக்கு முத்திரை வைக்கிற அரக்கு. இருபத்தெட்டு வருஷம் அதை உருக்குவதைப் பார்த்தவன். எந்த வெயிலுக்கும் அசையாது. இந்த யோசனை ஒரு பத்திரக்காரனைத் தவிர வேறு யாருக்கு வரும்?

வேறு யாருக்கும் வந்திருக்கவும் கூடாது. கொளுத்தியதும் ரயில் வந்த மாதிரி கரும்புகை. சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக வடிந்து பலகையில் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுப் பூனை அன்று போனது மூன்று நாள் கழித்துத்தான் திரும்பியது. அந்த அரக்கு இன்றுவரை பலகையை விட்டு வரவில்லை. நான் செய்ததில் நிலைத்து நிற்பது அது ஒன்றுதான்.

"ஊட்டுக்கே முத்திரை வெச்சுப்போட்டீங்க," என்றாள் பாவாயி. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. "நான் ஒண்ணு சொன்னாக் கேப்பீங்களா?"

"சொல்லு."

"வேற எதுல வேணும்னாலும் செய்யுங்க. தேன்மெழுகுல மட்டும் வேண்டாமுங்க."

அது வரையில் தேன்மெழுகு என் நினைப்பிலேயே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏன் வேண்டாம்?"

"எனக்கு என்னமோ மனசுக்குப் புடிக்கலீங்க. கொல்லிமலைச் சடையன் புதன்சந்தைக்குக் கொண்டாருவான். நல்ல மெழுகுதான். வெயிலுக்கும் எளகாதாம். ஆனாலும் வேண்டாமுங்க. அதுலயும் ரெண்டு வீசைக்குக் கொறஞ்சு வாங்கினா ஒண்ணுத்துக்கும் ஆவாதாம். நமக்கெதுக்குங்க அந்த வம்பு?"

இங்கே என் வாழ்க்கைக் கொள்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். பாவாயி எதை வேண்டாம் என்கிறாளோ, அதைச் செய்துவிடுவது. ஒரு வீட்டில் புருஷன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி? கிணறு வெட்ட வேண்டாம் என்றாள், வெட்டினேன். தண்ணீர் வரவில்லை என்பது வேறு விஷயம். வெட்டினேனா இல்லையா?

புதன்கிழமை சந்தைக்குப் போனேன். சடையன் சாக்கை விரித்துத் தேனும் மெழுகும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு வீசை கட்டு," என்றேன்.

"கட்டி வெச்சிருக்கறனுங்க சாமி. புதுச்சத்திரத்து அம்மிணி போன சந்தையில வந்து பாத்துட்டுப் போனாங்க."

நான் எதையும் யோசிக்காமல் விடுகிறவன் அல்ல. இதையும் யோசித்தேன். பாவாயி நேரில் வந்து பார்த்திருக்கிறாள், பிடிக்கவில்லை, அதனால்தான் வேண்டாம் என்றிருக்கிறாள். கணக்கு சரியாக வந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மற்றவர்கள் யோசிக்காமல் தவறுகிறார்கள். நான் யோசித்து யோசித்துத் தவறுகிறேன்.

வீட்டுக்கு வந்து மூட்டையை அவள் முன்னால் போட்டேன். அவள் அழுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"வேண்டாம்னு சொன்னதையே செஞ்சுப்போட்டீங்க," என்று பெருமூச்சு விட்டாள். "சரி, வந்தது வந்துருச்சு. இதை அப்பிடியே ஊத்தக் கூடாதுங்க. பூரா ஈக்காலும் றெக்கையுமா இருக்குது. தண்ணியில போட்டுக் காச்சி வடிகட்டோணும். நான் பாத்துக்கறேன். நீங்க வெளிய உக்காருங்க. பத்திரம் எழுதற கண்ணு, பொகை ஆவாது."

என் கண்ணைப் பற்றி அவள் கவலைப்பட்டு எத்தனை வருஷமாயிற்று. வெளியே உட்கார்ந்தேன்.

முதல் வடிப்பில் இரண்டு வீசை ஒரு வீசையாயிற்று.

"பாதியைக் காணோமே, பாவாயி?"

"கசடுங்க. வெண்ணெய் காச்சினா நெய் கொறையறதில்லீங்களா?"

குறையும். எனக்கே தெரியும். தலையாட்டினேன். இரண்டாம் வடிப்பில் தேங்காய் அளவாயிற்று. மூன்றாம் வடிப்பில் மாதுளம்பழ அளவு. நான்காம் வடிப்பு முடிந்து வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்தாள். ஓர் எலுமிச்சம்பழத்துக்குச் சற்றுப் பெரிது. மஞ்சளாக, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"சுத்தம்னா இதுதானுங்க சுத்தம்," என்றாள்.

"இன்னொரு தடவை வடிச்சா?"

"ஒண்ணும் மிஞ்சாதுங்க. அது அவ்வளவு சுத்தம்."

மலைக்காரர்களின் மோசடியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பாவாயி எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். அப்படி அவள் என் பேச்சை ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மனிதனுக்கு எப்போதாவது கிடைக்கிற மரியாதையை அவன் சோதனை போட்டுக்கொண்டிருப்பானா?

அந்த வாரத்தில் அவள் பொட்டு மெழுகு பேச்சையே எடுக்கவில்லை. ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எலுமிச்சம்பழத்தில் ஒரே ஒரு வர்த்திதான் வந்தது. ஆனால் என்ன வர்த்தி. சுண்டுவிரலைவிடப் பருமன், ஒரு சாண் உயரம். மூன்று நாள் பங்குனி வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. முகர்ந்தால் பூந்தோட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அதைக் கையில் பிடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. என் பிறவியில் நேராக நின்ற முதல் காரியம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, வெள்ளை வேட்டி, தலைப்பாகை சகிதம், வர்த்தியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ட்ரோல் கடைக்குப் போனேன். வழக்கம்போலப் பாட்டில்கள் வெயிலில், ஆட்கள் நிழலில்.

"சுப்பையா, பாத்துக்கோ," என்று சொல்லிக் கொளுத்தினேன்.

எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். குனிந்து குனிந்து திரியைப் பார்த்தார்கள்.

"எரியுதுங்களா?" என்றார் ஒருவர்.

அந்த உச்சி வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. எரிகிறது என்றேன். எங்கே என்றார்கள். சபதத்தை நிறைவேற்றியும் நிரூபிக்க முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பாருங்கள். கடைசியில் சுப்பையன் திரிக்கு மேலே விரலை நீட்டினான். வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"எரியுதுங்க," என்றான், விரலைச் சப்பியபடி.

ஜெயித்துவிட்டேன். முப்பது பேர் முன்னிலையில். தலை நிமிர்ந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாக அனுபவித்துப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தவறு.

கூட்டத்தில் பெண்கள் பதினைந்து பேர். பதினைந்து நெற்றியிலும் பொட்டு. நாணயத்தை வைத்து வரைந்த மாதிரி உருண்டையாக, பதினோரு மணி வெயிலில், ஒரு பொடிகூட உதிராமல் நின்றது. ஒரு மூக்கிலும் குங்குமம் இல்லை. கடைக்குள் பார்த்தேன். சுப்பையன் மனைவி அங்காளம்மாள் நெற்றியில் எல்லோரையும்விடப் பெரிய பொட்டு.

அடுத்த வீட்டுச் சாலம்மாள் முன்னால் வந்தாள்.

"உங்க புண்ணியமுங்கண்ணா. ஆறு மாசத்துக்கப்பறம் இன்னிக்குத்தான் கண்ணாடியப் பாத்தேன். 'எங்கூட்டுக்காரரு ரெண்டு வீசை மெழுகு தலையில சொமந்து கொண்டாந்தாரு, ஊரு பொம்பளைங்க அல்லாத்துக்கும் குடுன்னு சொல்லிட்டாரு'ன்னு அக்கா ஆளுக்கொரு சிமிழு குடுத்தாங்க."

என் கையில் வர்த்தி சூடாகச் சொட்டியது. நான் நகரவில்லை.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். வரிசையில் முதலாவதாக நின்ற பாட்டிலின் கழுத்தில் சிவப்புக் கயிறு.

"சுப்பையா, இது யார் பாட்டில்?"

"பாவாயி அக்கா பாட்டிலுங்க."

"ஆளு எங்கே?"

"ஆளு எதுக்குங்க? பாட்டிலு நிக்குதுங்களே."

"அன்னிக்கு எனக்கு என்ன சொன்னே? ஆளு நிக்கோணும்னு சொல்லலே?"

"அது உங்க பாட்டிலுங்க. இது அக்கா பாட்டிலு."

"ரெண்டும் ஒரே பாட்டில்தானடா," என்றேன். எனக்கே என் குரல் கெஞ்சுவது போலக் கேட்டது.

சாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அன்னிக்கு அதைப் பின்னால நகத்திட்டு அந்த எடத்துல எம் பாட்டில வெச்சது நாந்தானுங்கண்ணா. மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு முன்னால வெச்சதும் நாந்தான்."

சுப்பையன் பாட்டிலை வழிய வழிய நிரப்பி என் இன்னொரு கையில் கொடுத்தான். "வெறுங்கையோட போவாதீங்க. நீங்க பதினோரு மணிவாக்குல வருவீங்க, குடுத்துடுன்னு அக்கா காலையிலயே சொல்லியுட்டாங்க."

ஒரு கையில் எரிகிற வர்த்தியும் மறு கையில் சீமெண்ணெயுமாக, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி கைகளை அகட்டி வைத்துக்கொண்டு, ஊர் நடுவே வீட்டுக்கு நடந்தேன். ஊதி அணைத்திருக்கலாம் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

பாவாயி சோறு போட்டு வைத்திருந்தாள். நெற்றியில் பொட்டு, அதைச் சொல்லவே வேண்டாம்.

"கசடு," என்றேன்.

"சாப்பிடுங்க."

"ரெண்டு வீசையில பெரும்பாகம் கசடு. வெண்ணெய். நெய்."

"ஏனுங்க, நான் என்ன பண்ணினேன்? தேன்மெழுகு வேண்டாமுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீங்க கேட்டீங்களா?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய வக்கீல் சேலம் கோர்ட்டில்கூட இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிடும்போது யோசித்தேன். முப்பத்தொரு வருஷமாக அவள் எதை வேண்டாம் என்கிறாளோ அதைச் செய்துவந்திருக்கிறேன். இது எனக்கு மட்டும் தெரிந்த கொள்கை என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? அந்தக் கிணற்றுக்கு முன்பிருந்தா? அப்படியானால் கிணறு யாருடைய ஆசை? மூன்று கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

"அந்த வத்தியில மிச்சம் இருக்குதுங்களா?" என்றாள் மோர் ஊற்றிக்கொண்டே. "சுப்பையன் அம்மாவுக்குக் கால்ல பித்தவெடிப்பாம். தேங்காண்ணெயில உருக்கிப் போட்டாக் கேக்குமாம்."

எடுத்துக் கொடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. மடியில் கட்டிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள் எழுந்துகொண்டு. குரல் இறங்கியிருந்தது. "இனிமே சீமெண்ணெய்க்கு நீங்க மட்டும் போவ வேண்டாமுங்க. பாட்டிலு நின்னாப் போதும்னுதான் இப்பச் சொல்றாங்க. இருந்தாலும், பின்னால இருக்கறவங்க மனசுல என்ன இருக்குமோ, ஆளு நின்னா ஒரு சொல்லுக்கு எடமில்லை. அதுக்காக நீங்க போயி அந்த வெயில்ல நிக்கோணுமா? வேண்டவே வேண்டாமுங்க."

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. இது என்ன தந்திரம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாரம் முழுதும் யோசித்தேன். போனால் அவள் நினைத்தது நடக்கும். போகாவிட்டால் அவள் சொல்லைக் கேட்டவன் ஆவேன். முப்பத்தொரு வருஷத்தில் இல்லாத பழக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் முதலாவதாக, சிவப்புக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, வெயிலில், ஆளாகவே நின்றேன்.